மணி உறுமாமல் கடித்தது ஏன்?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாயின் பெயரையும் மாற்றி, மணி என்று வைத்துக்கொள்கிறேன்.

மணிக்கு 20 மாதம். ஆண், லாப்ரடார் கலப்பு. தாயிடமிருந்து பிரித்து 30 நாள் குட்டியாக இவர்கள் வீட்டுக்கு வந்தவன். எட்டு மாதம் ஆனபோது, சாப்பிடும் நேரத்தில் யாராவது தட்டருகே போனால் உறுமத் தொடங்கினான். வாசகியின் கணவர் சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யார் தலைவர் என்று அவனுக்குத் தெரியவேண்டும்" என்று முடிவு செய்தார். மணி சாப்பிடும்போது தட்டுக்குள் கை விடுவார். பாதியில் தட்டை எடுத்துவிடுவார். உறுமினால் மல்லாக்கத் தள்ளி, அசையாமல் அடங்கும்வரை அமுக்கிப் பிடிப்பார். சில வாரங்களில் உறுமல் நின்றுவிட்டது. இரண்டு மாதம் வீடு அமைதியாக இருந்தது.

போன வாரம் மேசைக்கு அடியில் மணி எலும்பு கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் விழுந்த பென்சிலை எடுக்க ஆறு வயது மகள் குனிந்தாள். சின்னச் சத்தம்கூட இல்லாமல் அவள் முன்கையைக் கடித்துவிட்டான். ஒரே கடி, உடனே விட்டுவிட்டான். இரண்டு பல் லேசாகப் பதிந்து ரத்தம் வந்தது. துடைத்து மருந்து பூசியிருக்கிறார்கள். வீட்டு நாய்தானே என்று ஊசி போடவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லோரும் வெளியே போய்த் திரும்பினால் சோபா மெத்தை கிழிந்திருக்கிறது, வாசல் கதவருகே சிறுநீர் கிடக்கிறது. கணவர் மணியை அந்த இடத்துக்கு இழுத்துப்போய்க் காட்டி, சுருட்டிய செய்தித்தாளால் அடிக்கிறார். "தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும் டாக்டர். நாங்கள் கதவைத் திறந்ததுமே தலையைத் தொங்கப்போட்டுக் காதை மடக்கிக்கொள்கிறான்" என்கிறார் வாசகி. யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். மகள் அழுகிறாள். வாசகி கேட்பது மூன்று: மணி எங்களை அடக்கி ஆளப் பார்க்கிறானா? நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா? அவனை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: "இப்போதெல்லாம் மாடிப்படி ஏறக்கூடச் சோம்பல்." பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

முதலில் குழந்தையின் கை

சகோதரி, இந்தப் பகுதியைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள இங்கேயும் எழுதுகிறேன்.

நாய்ப்பல் தோலைக் கிழித்து ரத்தம் வந்தால் துடைத்து மருந்து பூசுவது போதாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைப்பதைவிட அது நீண்ட நேரம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் ஏறக்குறைய 99 சதவீதம் நாய்கள் மூலமாகவே வருகிறது. அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. அறிகுறிக்கு முன்பு முறையாகச் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். மணிக்குக் குட்டியில் ஒருமுறை தடுப்பூசி போட்டதாகவும், அதன் பிறகு நினைவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் "வீட்டு நாய்தானே" என்ற நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. எத்தனை ஊசி, எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் சொல்வார். ஒரு வாரம் கடந்துவிட்டதே, இனி எதற்கு என்றும் இருந்துவிட வேண்டாம். தாமதமானாலும் போக வேண்டும்.

உறுமல் நின்றது எப்படி?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது கடி அல்ல. "பலன் தெரிந்தது, உறுமுவதை விட்டுவிட்டான்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான்.

உறுமல் நாயின் பேச்சு. "எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ" என்பதை அதற்குத் தெரிந்த மொழியில் சொல்கிறது. அதற்கு முன்பே வேறு பல விதங்களில் சொல்லியிருக்கும். மெல்வதை நிறுத்திவிட்டு ஒரு கணம் சிலைபோல உறையும். அல்லது அவசர அவசரமாக விழுங்கும். தலையைத் தட்டின் மேல் கவிழ்த்துக்கொள்ளும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பதால் விழியோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். பசியே இல்லாதபோது உதட்டை நக்கும், தூக்கம் வராதபோது கொட்டாவி விடும். இத்தனையும் நம் கண்ணில் படாமல் போன பிறகுதான் உறுமுகிறது. அதையும் கேட்காவிட்டால் பல்லைக் காட்டும், காற்றைக் கடிக்கும், கடைசியில்தான் ஆளைக் கடிக்கும்.

மணி உறுமியபோதெல்லாம் மல்லாக்கத் தள்ளி அமுக்கினீர்கள். உறுமினால் ஆபத்து என்று கற்றுக்கொண்டான், உறுமலை விட்டான். தட்டருகே ஆள் வந்தால் பயம் என்ற உணர்வு மட்டும் அப்படியே இருந்தது. ஒருமுறைக்குப் பலமுறை சாப்பாடு பாதியில் பறிபோனதால் அந்தப் பயம் இன்னும் நியாயமானதாகவே ஆகியிருக்கும். படிக்கட்டின் நடுப்படிகளை எல்லாம் பெயர்த்துவிட்டால் மேலே போக ஒரே தாவல்தானே மிச்சம்? உங்கள் மகள் குனிந்தபோது நடந்தது அதுதான். "திடீரென்று கடித்துவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். திடீரென்று அல்ல. பல மாதம் சொல்லிப் பார்த்து, சொல்லக் கூடாது என்று தடுக்கப்பட்ட நாய் அவன்.

உங்கள் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. நானும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், "குட்டியாக இருக்கும்போதே தட்டில் கை விட்டுப் பழக்குங்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொண்டிருந்தவள். அப்படிச் சொல்லி அனுப்பிய வீடுகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். நாம் சாப்பிடும்போது ஒருவர் தினமும் வந்து இலையில் கை விட்டால் நமக்குப் பழகிப்போகுமா, அவரைக் கண்டாலே எரிச்சல் வருமா? இந்த எளிய கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

"தலைவர்" என்ற கதை

நாய் நம்மை அடக்கி ஆளப் பார்க்கிறது, நாம்தான் கூட்டத் தலைவன் என்று காட்டவேண்டும் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றுக்கொன்று உறவில்லாத விலங்குகளை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வரத்தான் செய்யும். அதையே ஓநாய்களின் இயல்பு என்று உலகம் எடுத்துக்கொண்டது. 1970இல் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூல் கூட்டத் தலைவனைக் குறிக்கும் "ஆல்ஃபா" என்ற சொல்லை எங்கும் பரப்பியது. அதே மெக், காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு 1999இல் வேறு விதமாக எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், அம்மா, அப்பா, அவற்றின் குட்டிகள். அங்கே தலைமைக்குச் சண்டை போட்டு ஜெயித்தவர் என்று யாரும் இல்லை, பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஓநாய்க்கே பொருந்தாத கணக்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்துவிட்ட நாயின் மேல் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

அடக்கும் முறைகளால் என்ன விளைகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கலோடு நாய்களைக் கூட்டிவந்தவர்களிடம் விசாரித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அடித்த அல்லது உதைத்த வீடுகளில் 43 சதவீத நாய்கள் பதிலுக்குச் சீறியோ கடிக்கப் பார்த்தோ எதிர்த்தன. வாயிலிருப்பதை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியபோது 39 சதவீதம். மல்லாக்கத் தள்ளி அமுக்கியபோது 31 சதவீதம். உங்கள் கணவரை மணி இதுவரை கடிக்காமல் இருப்பது அவன் பொறுமை. அதை நம்பி மேலும் ஒருநாள்கூட அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அந்த மாடிப்படி

இனி அந்த ஒற்றை வரி. 20 மாத நாய்க்கு மாடிப்படி ஏறச் சோம்பல் வராது, சகோதரி. அந்த வயதில் தடுத்தாலும் தாவி ஏறும். ஏறவில்லை என்றால் வலிக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். முதுகைத் தடவினால் இப்போதெல்லாம் நழுவிப் போகிறான் என்றும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு அவன் இடுப்பு மூட்டின் மேல் கவனம் போனது. லாப்ரடார் போன்ற பெரிய உடல்வாகு நாய்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை அடிக்கடி காணப்படுகிறது. இளம் வயதிலேயே வலி தொடங்கிவிடலாம். கடிதத்தை மட்டும் வைத்து அதுதான் என்று நான் சொல்ல முடியாது. காது, பல், முதுகுத்தண்டு என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

நாய் வலியை மறைக்கும். நொண்டாமல், முனகாமல், வாலை ஆட்டிக்கொண்டே வலியோடு நாட்களை ஓட்டும். எரிச்சல் மட்டும் வேறு வழியில் வெளிப்படும். பிரிட்டனில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் தங்களிடம் நடத்தைச் சிக்கலுக்காக வந்த விலங்குகளைப் பற்றி 2020இல் எழுதினார்கள். குறைத்துக் கணக்கிட்டாலும் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோவொரு வலி காரணமாகக் கலந்திருந்தது. பயிற்சி கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால், "முதலில் டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் மணியை ஒப்படைக்காதீர்கள்.

மேசைக்கு அடியில், ஒருவேளை இடுப்பு வலியோடு, எலும்போடு படுத்திருந்த நாய். அவன் மேல் ஒரு நிழல் குனிகிறது. பின்னால் நகர இடமில்லை. அந்தக் காட்சியை அவன் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குற்ற உணர்ச்சியா அது?

தலையைத் தொங்கப்போட்டுக் காதை மடக்கும் அந்த முகத்தைப் பற்றி. நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம், எல்லோரும் தவறாகப் படிக்கும் முகம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்து 2009இல் வெளியிட்டார். ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியே போவார். சில நாய்கள் தின்னும், சில தின்னாது. திரும்பி வரும் உரிமையாளரிடம் நடந்ததைச் சில வேளை உண்மையாகவும் சில வேளை மாற்றியும் சொன்னார்கள். நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. திட்டு வாங்கிய நாய்கள் அந்த முகத்தைக் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகக் காட்டின.

ஆக, கதவு திறக்கும்போது மணி காட்டுவது வருத்தம் அல்ல, பயம். அதோடு "சண்டை வேண்டாம்" என்ற கெஞ்சல். நீங்கள் வரும்போது தரையில் சிறுநீர் இருந்தால் அடி விழும் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். ஒரு மணி நேரத்துக்கு முன் தான் போன சிறுநீருக்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப்போட அவனால் முடியாது. நாய்க்கு எதையாவது உணர்த்த வேண்டுமானால் அது நடந்த ஓரிரு நொடிக்குள் உணர்த்த வேண்டும். அதற்குப் பிறகு அடிப்பது, உங்கள் வருகையையே பயமாக்கும். தனியாக இருக்கவே தவிக்கும் நாய்க்கு நீங்கள் திரும்பி வருவதும் ஆபத்து என்று ஆகிவிட்டால் அது எங்கே போய் நிம்மதி தேடும்?

அடுத்த முறை வெளியே போகும்போது ஒரு பழைய போனை வீடியோ ஓடவிட்டு வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள் உலாத்தல், மூச்சிரைப்பு, ஊளை, கதவைப் பிறாண்டல் என்று தொடங்கினால் அது தனிமைப் பதற்றம். நன்றாகத் தூங்கி எழுந்து, சாவகாசமாக மெத்தையைக் கிழித்தால் அது சலிப்பு. சிறுநீர் வாசலருகே இருப்பதை வைத்துப் பார்த்தால் முதலாவது என்றே எனக்குத் தோன்றுகிறது. சலிப்புக்கு நடையும் மோப்ப விளையாட்டும் கடிக்கப் பொருளும் போதும். பதற்றத்துக்கு அவை போதாது. முதலில், அவனால் தாங்க முடிகிற நேரத்துக்கு மேல் தனியே விடாமல் ஏற்பாடு செய்யவேண்டும். பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று போய்ப் போய் வந்து, பதறுவதற்கு முன்பே திரும்பி, நேரத்தைக் கூட்ட வேண்டும். கூண்டில் பூட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். பதறுகிற நாய் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும், வேண்டாம். இதற்கு மாத்திரைகளும் உண்டு. கால்நடை மருத்துவர் பரிந்துரைத்தால் தயங்காதீர்கள், நாயை மயக்கிப் போடுவது அவற்றின் வேலை அல்ல. பயம் குறைந்தால்தான் எதையும் கற்க முடியும்.

செல்லமும் கருத்தடையும்

நீங்கள் செல்லம் கொடுத்ததால் மணி கெடவில்லை. இடி இடிக்கும்போது மடியில் வைத்துக்கொண்டீர்கள், சோபாவில் படுக்க விட்டீர்கள் என்று உங்களையே குறை சொல்லியிருக்கிறீர்கள். பயம் ஓர் உணர்வு. பயந்த பிள்ளையை அணைத்துக்கொண்டால் பயம் வளராது. நாய்க்கும் அப்படித்தான். அந்த வீட்டில் தனக்கு ஆபத்தில்லாத ஒருவர் இருக்கிறார் என்று மணி நம்புவது உங்களால்தான். இனி நடக்கப்போகும் பயிற்சி எல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கப் போகிறது.

30 நாளில் பிரித்துக் கொண்டுவந்தது மட்டும் உண்மையிலேயே ஒரு குறை. குட்டிகள் எட்டு வாரம்வரையாவது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நிற்கும் என்பதை அங்கேதான் கற்கின்றன. அது கைவிட்டுப் போன வாய்ப்பு, இனி அதை நினைத்து ஆவதில்லை. அடுத்த முறை குட்டி எடுப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை நல்ல காரியம்தான். வீட்டை விட்டு ஓடுவது, அங்கங்கே காலைத் தூக்குவது, மற்ற நாய்கள் மேல் ஏறுவது இவை குறையலாம். பயத்தில் கடிப்பதை அது தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எப்போது செய்வது என்பதை அந்த மூட்டுப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

இன்று முதல் தட்டருகே

முதல் மூன்று வாரம் பயிற்சி எதுவும் வேண்டாம். மணிக்குத் தனி அறையில், கதவைச் சாத்திச் சாப்பாடு. அவன் முடித்து வெளியே வந்த பிறகு, அவன் இல்லாதபோது தட்டை எடுங்கள். எலும்பு நிறுத்தம். சாப்பாடு இனிப் பறிபோகாது என்று அவன் உடம்புக்குத் தெரியட்டும்.

வலி இருந்தால் அதற்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு, பெரியவர் ஒருவர் மட்டும், முடிந்தால் நீங்களே, இதைச் செய்யுங்கள். மணி சாப்பிடும்போது அவன் உடல் இறுகாத தூரத்தில், மூன்று மீட்டரோ நான்கு மீட்டரோ, நில்லுங்கள். தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றை, வேகவைத்த கோழித் துண்டு மாதிரி, தட்டருகே எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். இதில் முக்கியமே அந்தத் திரும்பிப் போவதுதான். நாள் போகப் போக, உங்களைக் கண்டதும் அவன் தலையைத் தூக்கி, வால் தளர்ந்து ஆட, "என்ன கொண்டுவந்தாய்?" என்பதுபோலப் பார்ப்பான். அப்போது அரை அடி முன்னால் வாருங்கள். நான் முதலில் சொன்ன உறைதல், அவசர விழுங்கல், பிறைக்கண் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு வார்த்தை சொல்லாமல் பின்னுக்குப் போய்விடுங்கள். இது வாரக் கணக்கு. சில நாய்களுக்கு மாதக் கணக்கு.

வாயில் எதையாவது வைத்திருந்தால் பிடுங்காதீர்கள், பண்டமாற்று செய்யுங்கள். அதைவிட நல்லதைக் கொடுத்து, அவன் விட்டதும், ஆபத்தில்லாத பொருளானால் அதையே திருப்பியும் கொடுங்கள். கொடுத்தால் இழப்பில்லை என்று தெரிந்த நாய் தானாகவே கொண்டுவந்து தரும்.

மறுபடி அவன் உறுமத் தொடங்கினால் பயப்படாதீர்கள். எனக்குச் சந்தோஷமான செய்தி அது. பேச்சு திரும்பி வந்திருக்கிறது. நின்று, விலகி, எதனால் உறுமினான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் இந்தப் பயிற்சியில் இல்லை. சாப்பாடு போடுவது, பண்டமாற்று, எதிலும் இல்லை. "பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்பதும் போதாது. கடி ஒரு நொடியில் முடிந்துவிடும், நீங்கள் எழுந்திருப்பதற்குள். மணிக்கும் மகளுக்கும் நடுவே கதவோ தடுப்போ இருக்க வேண்டும். இருவரும் ஒரே அறையில் இருந்தால் மணி கயிற்றில், கயிறு ஒரு பெரியவர் கையில். சிறு குழந்தைகள் பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கிறது என்று நினைத்துவிடுவார்கள், அதனால் முகத்தைப் படிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுக்காதீர்கள். அவளுக்கு மூன்றே விதி: படுத்திருக்கும் நாயிடம் போகாதே, தின்னும் நாயிடம் போகாதே, நாயைக் கட்டிப்பிடிக்காதே. மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை போன்ற வாய்மூடிக்கு மணியைப் பண்டம் கொடுத்து மெதுவாகப் பழக்குங்கள். விருந்தாளி வரும்போது உதவும். வாய்மூடி போட்டாயிற்று என்று குழந்தையோடு தனியே மட்டும் விடாதீர்கள்.

வைத்துக்கொள்ளலாமா?

இயன் டன்பர் என்ற கால்நடை மருத்துவர் நாய்க்கடிகளை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார். ஒரே கடி, ஒன்று முதல் நான்கு பல்தடம், கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை என்றால் மூன்றாம் படி. நீங்கள் விவரித்திருப்பது இதற்குள் வருகிறது. அதாவது, இது சாதாரண விஷயமும் இல்லை, கைமீறிப் போனதும் இல்லை. விடாமல் குதறியிருந்தால், பலமுறை கடித்திருந்தால், என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மணியை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அந்தக் கதவைச் சாத்தும் விஷயத்தில் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் ஒருவர் சாத்த, மற்றவர் மறந்து திறந்துவிட்டால் எல்லாம் வீண். மாமியாரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், பேத்தியின் கையில் ரத்தம் பார்த்தவர் அவர். உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கணவரால் அடிப்பதை நிறுத்த முடியாது என்றாலும், வீட்டின் அமைப்பில் பிரித்து வைக்கவே வழியில்லை என்றாலும், குழந்தைகள் இல்லாத ஒரு வீட்டுக்கு மணியைக் கொடுப்பது அவனுக்கும் நல்லது. அதில் உங்கள் மேல் எந்தப் பாவமும் இல்லை. பயிற்சி முடியும்வரை குழந்தை இல்லாத உறவினர் வீட்டில் சில மாதம் விடுவது நடுவழி.

கொடுப்பதானால் கடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சூழலில் கடித்தான், என்ன சிகிச்சை நடக்கிறது என்று எழுதியே கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் அடுத்த கடி வாங்கப்போவது விவரம் தெரியாத ஒருவர். அந்தக் கடிக்கு நீங்களும் பொறுப்பாவீர்கள். மணியை வைத்துக்கொண்டாலும், வளர்க்கும் நாய் பிறரைக் கடித்தால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் உரிமையாளர்தான். தடுப்பூசிச் சான்று, மருத்துவர் எழுதித் தரும் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். எங்காவது கொண்டுபோய் அவிழ்த்துவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கருணைக்கொலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு வார்த்தையை எழுதி அடித்திருந்தது தெரிந்தது. மணியின் நிலை அதற்கு அருகில்கூட இல்லை.

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போவதற்கு முன் மணி மாடிப்படி ஏறுவதையும், படுத்திருந்து எழுந்திருப்பதையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய்கள் வலியைக் காட்டவே காட்டாது, அந்த வீடியோ சொல்லும். மல்லாக்கத் தள்ளி அவனை அமுக்கிப் பிடித்த விஷயத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள்.